பாவடியில் பட்சிக் கணக்கு

மச்சான், இன்று விடியலில் கஞ்சி வாசனை வந்தது. நூலுக்குப் போடும் கஞ்சி. படுக்கையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை நம் தெருவுக்குள் வந்து ஐந்து மாதமாயிற்று. எங்கேயோ நடக்கிற யுத்தத்துக்காக இங்கே நூலுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். அரிசிக்குப் போலவே நூலுக்கும் சீட்டு, வரிசை, கால்கடுக்க நிற்பது. முக்கால்வாசித் தறி தூசி படிந்து கிடக்கிறது. யாருக்கோ ஒரு பாவுக்கு நூல் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாவடிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பாதித் தெரு அங்கே நின்றுகொண்டிருந்தது.

தெருக்கோடியில் புளியமரங்களுக்கு நடுவே அந்த வெட்டவெளி அப்படியேதான் இருக்கிறது. கவைக்கால்களை நட்டு, நூலிழைகளைப் பாவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டு போனார்கள். கீழே சிந்திய கஞ்சிக்குச் சிட்டுக்குருவிகள் வந்து இறங்கின. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததும், "மச்சான், ஒன்னு எழுதிக்கோங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் போய் எட்டு வருஷமாகிறது என்பது அந்த நொடியில் எனக்கு நினைவில்லை, பாருங்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். அக்கா அங்கே நின்றிருந்தாள். "கஞ்சி ஆவி கண்ணுல பட்டுருச்சுங்களா தம்பி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்கள் சம்சாரம் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். எந்தத் தபால்பெட்டியில் போடப்போகிறீர்கள் என்று உங்கள் தங்கை கேட்டாள். என் சம்சாரத்துக்கு நீங்கள் பெரியப்பா மகன், எனக்கு மச்சான், நடுச்சுவர் ஒன்றேயான அடுத்த வீட்டுக்காரர். இவ்வளவு உறவு இருந்தும் நமக்குள் ஒட்டுதல் வந்தது குருவியால்தான்.

கார்த்திகை பிறந்தால் நம் ராசிபுரத்து ஏரியில் எங்கிருந்தோ வாத்துக்கூட்டம் வந்து இறங்கும். போதமலைப் பக்கத்திலிருந்து நாரைகள் வரிசை வைத்து வரும். தறியை விட்டு எழுந்துபோய் நாம் இரண்டு பேரும் கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். பங்குனியில் தண்ணீர் வற்றும், பட்சிகள் போய்விடும், நாமும் வேட்டியைத் தட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். நாலைந்து வருஷம் அப்படித்தான் போயிற்று.

சித்திரை நம் தெருவுக்கு ஆகாத மாதம். விடியுமுன் கஞ்சி போட்டுப் பாவைச் சுருட்டிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இழை மொறமொறவென்று காய்ந்து கையோடு வந்துவிடும். தறியில் ஏற்றிய பாவும் அப்படியே. காற்றில் ஈரம் இராது, மிதித்த மாத்திரத்தில் இழை அறும். பத்து மணிக்கு மேல் பொழுது சாயும் வரையில் தெருவில் தறிச் சத்தமே கேட்காது. ஆண்கள் புளியமரத்தடியில் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஒருவன் ஆட்டத்தை இன்னொருவன் குறை சொல்வான், பிறகு அவன் குடும்பத்தையே குறை சொல்வான், கடைசியில் கைகலப்பு. அப்படியொரு சண்டையை விலக்கிவிட்டு, கிழிந்த துண்டோடு வந்து உட்கார்ந்த மத்தியானத்தில்தான் நீங்கள் சொன்னீர்கள்.

"கார்த்திகையில எவன் வேணும்னாலும் பட்சி பார்ப்பான் மாப்ளே. வாத்து வந்து மூஞ்சியில முட்டுது, குருடனுக்குக்கூடத் தெரியும். சித்திரையில பார்க்கோணும். அவன்தான் பார்க்கறவன்."

"சித்திரையில என்னங்க இருக்குது மச்சான்? காக்கா, குருவி, மைனா. அவ்வளவுதானுங்களே."

"அந்த மூணைச் சரியாப் பார்த்தியா நீயி?"

நான் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன் என்றேன். எனக்குத் தோற்றுப் பேசத் தெரியாது. தெருவில் எனக்கு 'வக்கீல்' என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

மறுநாளே பந்தயம் ஆரம்பமாயிற்று. பாவடியை விட்டு நகராமல், காலைக் கஞ்சி முதல் மாலை விளக்கு வரை யார் எத்தனை வகைப் பட்சி பார்க்கிறார்கள் என்று கணக்கு. கஞ்சி காய்ச்சும் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போடுவோம். சட்டம் போட்டவன் நான்: கண்ணால் கண்டதுதான் கணக்கு, கண்டதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டும். முதல் மூன்று நாள் தெருவே மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நாலாம் நாள் சுவரில் அதே ஏழு கோடு. ஐந்தாம் நாளும் அதே ஏழு. ஆறாம் நாள் தாயக்கட்டைச் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.

நீங்கள் விடவில்லை. வகையை எண்ணுவது சலித்துப்போனால் ஒவ்வொன்றையும் கவனிக்க வேண்டும் என்றீர்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பட்சி கொடுத்தீர்கள். அவரவர் பட்சி அன்றைக்கு என்ன செய்தது என்று பொழுதோடு வந்து சொல்ல வேண்டும். கஞ்சி காய்ச்சுகிற ஆறுமுகத்துக்குக் காக்கை விழுந்தது. "என்ற பொறப்பே அப்பிடிங்க. ஊருக்கெல்லாம் கிளி, எனக்குக் காக்கா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். நாலாவது நாள் அதே ஆறுமுகம், ஒரு காக்கை காய்ந்த ரொட்டித்துண்டைத் தண்ணீர்ச் சட்டியில் நனைத்து நனைத்துத் தின்றதைப் பெண்டாட்டியிடம் சொல்லி, அவள் நம்பாமல் போனதற்கு ஒருநாள் முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தான். எனக்கு விழுந்தது தவிட்டுக்குருவி. ஏழெட்டு ஒன்றாகச் சேர்ந்து தரையைக் கிளறிக்கொண்டு ஓயாமல் கத்துகிற சாதி. "வக்கீலுக்கு ஏத்த பட்சி" என்று நீங்கள் சொன்னதற்குத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உடைந்த பானை ஓடுகளில் தண்ணீர் ஊற்றி மரத்தடியில் வைத்ததும் உங்கள் யோசனைதான். உச்சிவேளையில் எது முதலில் குடிக்க வரும் என்று பந்தயம். தோற்றவன் மறுநாள் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி ஓடுகளை நிரப்ப வேண்டும். கிணற்றுச் சுவர்ப் பொந்தில் மைனா குஞ்சு பொரித்தபோது, எந்தக் குஞ்சு முதலில் பறக்கும் என்று பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அக்கா சொன்ன குஞ்சுதான் முதலில் பறந்தது. ஆமாம், உங்களால்தான் அந்த இரண்டு சித்திரையும் நம் தெருவில் யார் மண்டையும் உடையாமல் கழிந்தது.

மூன்றாவது சித்திரைக்கு வருகிறேன். கை இங்கேயே நின்றுவிடப் பார்க்கிறது.

அந்த வருஷம் ஆரம்பத்திலேயே நீங்கள் சட்டத்தை மாற்றச் சொன்னீர்கள்.

"இனிமே காதுல கேட்டதையும் கணக்குல சேர்த்துக்கலாம் மாப்ளே. குயிலை எவன் கண்டான்? கொப்புக்குள்ள ஒளிஞ்சுட்டுக் கத்துது. வெயிலு நேரத்துல சத்தம்தான் இருக்குது, உருவம் எங்க இருக்குது?"

"அது ஆகாதுங்க மச்சான். கேட்டதுக்கு எவனுங்க சாட்சி?"

"உன்ற காதுதான் சாட்சி. ரெண்டு காது வச்சிருக்கறயில்ல?"

தெரு உங்கள் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு சுவரில் உங்கள் கோடுகள் ஏறின. கண்ணை மூடிக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். 'டொக் டொக்' என்று தகடு தட்டுகிற மாதிரி எங்கோ தூரத்தில் கேட்டால், கன்னான் குருவி, ஆலமரத்துப் பக்கம் என்பீர்கள். கிணற்றடிப் புதரில் 'ஊப் ஊப்' என்றால் செம்போத்து. பெட்டையா சேவலா என்றுகூடச் சொல்வீர்கள். அதையெல்லாம் நான் எப்படிச் சரிபார்ப்பது? உங்களுக்குப் பன்னிரண்டு கோடு விழுகிற நாளில் எனக்கு ஏழு.

இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் தங்கையிடமும் இல்லை.

உங்கள் கண் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், மச்சான். முன்னமே தெரியும். தை மாதத்தில் உங்கள் தறிக்குப் பக்கத்தில் அக்கா ஒரு முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். கேட்டால் வெற்றிலை மடித்துக் கொடுக்க என்றாள். வெற்றிலைக்கு எதற்கு அத்தனை நேரம்? அறுந்த இழையை அவள் தேடிப் பிடித்து உங்கள் விரலில் வைக்க, நீங்கள் முடிந்தீர்கள். நடுச்சுவரில் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் உண்டே, அதன் வழியாகப் பார்த்தேன். பங்குனியில் ஒருநாள் நடைபாதையில் மேய்ந்துகொண்டிருந்த புறாவை மிதிக்கப் போனீர்கள். அது சிறகடித்ததும்தான் காலை எடுத்தீர்கள். சித்திரையில் காதுக் கணக்கை நீங்கள் கேட்டபோதே அது எதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது.

அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் சாதா வேட்டி யார் வேண்டுமானாலும் நெய்வான். கரையில் மயிரிழை மயிரிழையாகப் பட்டு ஓட்டுகிற வேலை உங்கள் கைக்குத்தான் வரும். அதற்காகத்தான் நூலும் கூலியும் கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து பாவு உங்கள் வாசலுக்கு முதலில் வரும், மற்றவர்களுக்குப் பிறகு. கண் இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்தப் பாவு நின்றுபோகும். உங்களுக்கும் அக்காவுக்கும் தறி ஒன்றுதான் சோறு.

இவ்வளவும் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தேன், கொஞ்ச நாள். ஆனால் சுவரில் உங்கள் பன்னிரண்டையும் என் ஏழையும் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீ, எழுதவே கூச்சமாக இருக்கிறது. புளியமரத்தடியில் கரிக்கோட்டுக்காக வயிறு எரிந்தவன் நான்.

அன்று காலை பெரிய பாவு. இருபது பேர் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். நீங்கள் எனக்கு எதிரில். பாவைப் பார்வையிட முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை வந்திருந்தார். அவருடைய குடை மரத்தில் சாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது எழுதினால் யாருக்குத் தெரியும்? பார்த்தேன்.

'கிக்கீ' என்று வல்லூறின் குரல் கேட்டது. சிட்டுக்குருவிகள் எல்லாம் சிதறிப் பறந்தன.

"வல்லூறு! எழுது மாப்ளே" என்றீர்கள், முகமெல்லாம் சந்தோஷமாக.

வல்லூறு எங்கேயும் இல்லை. பதினைந்தடி தூரத்தில், பாவைத் தாங்குகிற கவைக்காலின் மேல் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. காலை வெயில் அதன் மேல் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. வல்லூறு மாதிரி கத்தி மற்றக் குருவிகளை விரட்டிவிட்டு இரையை எடுத்துக்கொள்வது கரிச்சானுக்கு வழக்கம். அதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கண் இருந்திருந்தால் அது கத்த வாயைத் திறக்கும்போதே சொல்லியிருப்பீர்கள்.

"எங்கீங்க மச்சான் வல்லூறு? கையைக் காட்டுங்க பார்க்கலாம்" என்றேன்.

நீங்கள் கஞ்சிக் கையைத் தூக்கிப் புளியமரத்து உச்சியைக் காட்டினீர்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உச்சியிலீங்களா? உங்க மூக்குக்கு நேரா, கவைக்கால் மேல உக்காந்துட்டுக் கத்துதுங்க. வாலு ரெண்டாப் பிரிஞ்சு கெடக்குது. கரிச்சானைப் போயி வல்லூறுன்னு எழுதச் சொல்றீங்களே, இத்தனை நாளும் எழுதுனதெல்லாம் இப்பிடித்தானுங்களா?"

தெரு முழுவதும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். முகத்தைக் கவைக்கால் பக்கம் திருப்பி, "அட ஆமா, கரிச்சான்தான்" என்றீர்கள். அதற்குள் கரிச்சான் பறந்து போய்விட்டிருந்தது. நீங்கள் வெறும் கட்டையைப் பார்த்து அதைச் சொன்னீர்கள். சிரிப்பு அப்போது நின்றது.

கணக்குப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாக வந்தார். பாவுக்குள் கையைவிட்டு அறுந்த இழை ஒன்றை எடுத்தார். "ஏனுங்க, இதைக் கொஞ்சம் புடிச்சு முடிங்க பார்க்கலாம்" என்றார், ரொம்ப மரியாதையாக. நீங்கள் கையை நீட்டினீர்கள். இழை ஒரு பக்கம், உங்கள் விரல் ஒரு பக்கம், நடுவில் ஒரு சாண். அக்கா கஞ்சிக் குண்டாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து இழையை உங்கள் விரலுக்குள் வைத்தாள். "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகத்துக்கு வெயில் அடிக்கிறது, அதனால்தான் தெரியவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீலுக்கு அன்று வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை தண்ணீர்ச் சொம்பைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்குது? எங்கண்ணன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு பார்த்தீங்களா?" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சோறு போடும்போது மட்டும் கை கொஞ்சம் ஓங்கி விழும்.

அடுத்த வாரம் உங்கள் வாசலுக்குப் பாவு வரவில்லை. "கண்ணு சரியானதும் வாங்க, உங்களுக்கு இல்லாத பாவுங்களா" என்று சொல்லி அனுப்பினார்களாம். அக்கா உங்களைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏற்றிவிடக்கூட நான் வரவில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே சந்தைக்குப் போய்விட்டேன். புரையாக இருந்தால் கீறி எடுத்துவிடலாம், இது உள்நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாக அக்கா தெருவில் எல்லோருக்கும் சொன்னாள். பிறகு நீங்கள் பெண்களோடு உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்ற ஆரம்பித்தீர்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல், அதைச் சுற்றுவதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். பட்டுக்கரை ஓட்டிய விரல். அந்த ராட்டைச் சத்தம் நடுச்சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். நான் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன்.

உங்கள் பாவு யாருக்கு வந்தது என்று தெரியுமல்லவா? எனக்கு வந்தது. என் கைக்கு அந்த வேலை அவ்வளவாக வராது. ஆனாலும் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அக்காவாவது வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றுமே இல்லை. மத்தியானமானால் நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வரும்: "மாப்ளே, இன்னிக்கு என்ன பார்த்தே?" தெருவில் பந்தயமே செத்துப்போயிற்று. தாயக்கட்டை திரும்ப வந்தது, சண்டையும் வந்தது. மழையில் சுவர்க்கரி கரைந்து போனது. நீங்கள் மட்டும் விடவில்லை. ஒருநாள் பதில் சொல்வேன், ஒருநாள் தூங்குகிற மாதிரி இருந்துவிடுவேன். நான் தூங்கவில்லை என்பது உங்கள் காதுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்த சித்திரையில் ஒருநாள் காலையில் நீங்களே சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள். "என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறியா மாப்ளே?" என்று கேட்டீர்கள்.

"ஏரியில தண்ணியே இல்லீங்களே மச்சான். வெடிச்சுக் கெடக்குது."

"தெரியும். சும்மா போலாம் வா."

உங்கள் தங்கை உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வையில், எழுந்து துண்டைப் போட்டுக்கொண்டேன். என் தோளில் கையை வைத்துக்கொண்டு வந்தீர்கள். வழியெல்லாம் நீங்கள்தான் பேசினீர்கள். ஆறுமுகத்தின் காக்கையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். வேலியில் கத்தியதையெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எனக்கு உங்கள் கை கனத்தது. அதில் நூல் சுற்றிச் சுற்றிப் புதிதாகக் காய்ப்பு ஏறியிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன். பனைமரம் தாண்டட்டும் என்று நினைத்தேன். மதகு வரட்டும் என்று நினைத்தேன்.

கரை மேல் ஏறி நின்றோம். நாம் வழக்கமாக உட்காருகிற இடம். அனல்காற்று முகத்தில் அடித்தது. உங்கள் முகம் ஏரியைப் பார்த்து இருந்தது.

"என்ன இருக்குது மாப்ளே?" என்று கேட்டீர்கள்.

"ஒன்னுமில்லீங்க மச்சான்."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேனுங்க. ஒன்னுமே இல்லீங்க."

நீங்கள் சிரித்தீர்கள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். "ஒரே ஒரு கொக்கு நிக்குதுன்னு சொன்னா உன்ற வாயி வெந்தா போயிரும்? சரி வா, போலாம். வெயிலு ஏறுது" என்றீர்கள். திரும்பும்போது வேலியில் கத்தியதற்கெல்லாம் நீங்கள் பேர் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் விட்டபோது, "வாரேன் சாமி" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனீர்கள்.

ஆடியில் தெருவுக்கு வாந்திபேதி வந்தது. காலையில் படுத்த நீங்கள் மாலையில் இல்லை. கூப்பிடுதூரத்தில் இருந்தும் நான் வர முடியவில்லை, உங்கள் வாசலில் வேப்பிலை கட்டி யாரும் வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது. உங்கள் குரல் கேட்கவில்லை.

இந்த எட்டு வருஷத்தில் பாவு எனக்கு வந்தது, போனது, இப்போது நூலே இல்லை. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளையும் எங்களோடுதான் சீட்டு வரிசையில் நிற்கிறார். அக்கா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள், என் தறிக்குத் தார் சுற்றுகிறாள். அவளுக்கு நான் செய்வதைப் பார்த்துத் தெரு என்னைப் புண்ணியவான் என்கிறது. கேட்டுக்கொள்கிறேன்.

பாவடியில் செய்த குற்றத்துக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது, மச்சான். பொறாமை, வாய்த்துடுக்கு, அன்றைய நேரம் என்று ஏதாவது. அந்தக் கரை மேல் நடந்ததற்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சட்டம் பேசினவன் நான்: கண்ணால் கண்டதுதான் கணக்கு. ஊரார் முன்னால் உங்களை அந்தச் சட்டத்தில் மடக்கினவன். நீங்கள் நல்லாப் பாரு என்று சொன்னபோது பார்த்துட்டேன் என்று சொன்னேனே, நான் பார்க்கவில்லை. தலையே தூக்கவில்லை. உங்கள் முகம் அந்தப் பக்கம் பார்த்திருந்த விதத்தைப் பார்க்கச் சகியாமல், என் தோளில் இருந்த உங்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏரியில் அன்றைக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.